சாம்பலில் அகப்படாத கந்தகம்

வயலிலிருந்து ஒரு பயிரைப் பிடுங்கி, வெயிலில் நன்கு உலர்த்தி, இரும்புத் தட்டில் இட்டு எரிப்பதாக வைத்துக்கொள்வோம். புகை அடங்கிய பின் தட்டில் ஒரு கைப்பிடிச் சாம்பல் எஞ்சும். அப்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய பொருள்கள் எல்லாம் இந்தச் சாம்பலில்தானே இருக்க வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியல் அறிஞர்கள் பலர் அப்படித்தான் கருதினார்கள். தழைச்சத்து மட்டும் தீயில் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவற்றுக்குச் சாம்பலே சாட்சி. பொட்டாசியத்தை நாம் இன்றும் சாம்பல் சத்து என்று அழைக்கிறோம். அந்தப் பழைய முறையின் நினைவு அப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்தச் சாட்சி ஒரு பொருளைப் பற்றி மட்டும் தொடர்ந்து பொய் சொல்லி வந்தது. அதுதான் கந்தகம். பயிர் எரியும்போது கந்தகத்தில் பெரும் பகுதி ஆக்சைடு வாயுவாகி, புகையோடு புகையாக வெளியேறிவிடுகிறது. எஞ்சியதை எத்தனை கவனமாக அளந்தாலும் விடை சிறியதாகத்தான் வரும். பயிருக்குக் கந்தகம் மிகச் சொற்பமே தேவை என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்களில் நிலைத்ததற்கு இந்தப் பிழையே முக்கிய காரணம்.

பாதிரியாரின் வெள்ளைத் தூள்

கந்தகத்தின் பயனை உழவர்கள் வேதியியலாருக்கு முன்பே கண்டிருந்தார்கள், அது கந்தகம் என்று அறியாமலே. ஜெர்மனியில் குப்பர்ட்செல் என்னும் ஊரின் பாதிரியார் யோஹான் பிரீட்ரிக் மாயர் 1760களில் குளோவர் என்ற தீவனப் பயிருக்கு ஜிப்சம் தூளைத் தூவும்படி ஊர் ஊராக எழுதியும் சொல்லியும் வந்தார். அவருக்கு 'ஜிப்ச அப்போஸ்தலர்' என்ற பட்டப் பெயரே உண்டு. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் சாலையோரச் சரிவு ஒன்றில் ஜிப்சத்தால் எழுத்துகள் வடிவில் தூவினார் என்றும், அந்த எழுத்துகள் மட்டும் கரும்பச்சையாக வளர்ந்து வழிப்போக்கர்களுக்குச் செய்தி சொல்லின என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ அல்லவோ, அந்நாளில் பென்சில்வேனியா உழவர்கள் ஜிப்சத்தின் மேல் பெரும் நம்பிக்கை வைத்திருந்தது மெய்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதில் கால்சியமும் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது. பயிர் செழித்தது எதனால்? இக்கேள்வியைப் பிரித்துப் பார்க்க வழி இல்லாமல், சுண்ணச் சத்தால் என்றே பலரும் சொல்லிவந்தார்கள். 1860களில் ஸாக்ஸ், நாப் ஆகிய ஜெர்மானியர்கள் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைந்த நீரில் செடிகளை வளர்த்து, கந்தகம் இன்றிச் செடி வாழாது என்று நிலைநாட்டினார்கள். ஆயினும் 'வேண்டும்' என்பது வேறு, 'எவ்வளவு வேண்டும்' என்பது வேறு அல்லவா? இரண்டாவது கேள்விக்கு எமில் வோல்ஃப் தொகுத்த சாம்பல் பகுப்பாய்வு அட்டவணைகளைப் புரட்டினார்கள். 1871இலும் 1880இலும் வெளிவந்த அந்தத் தொகுதிகள் பெரும் உழைப்பின் பயன். அவற்றில் கந்தகத்தின் எண்கள் மட்டும் பொய்.

1911இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், பீட்டர்சன் என்ற இருவர் அந்த எண்களை மறுபடி சோதித்தார்கள். அவர்கள் செடியை எரிக்கவில்லை. சோடியம் பெராக்சைடுடன் சேர்த்து உருக்கினார்கள். இதனால் கந்தகம் ஆவியாகித் தப்பாமல் சல்பேட்டாக மாறிக் கலத்திலேயே தங்கியது. தானியங்களிலும் தீவனங்களிலும் இருக்கும் கந்தகம் சாம்பல் கணக்கைவிடப் பன்மடங்கு என்று தெரியவந்தது. பயிர் எடுக்கும் கந்தகத்தை மணிச்சத்தோடு ஒப்பிட்டுப் பேச வேண்டிய நிலை வந்தது. முட்டைக்கோசு இனப் பயிர்கள் பெருமளவு கந்தகத்தை எடுத்தன.

இந்தச் சோதனையில் ஒரு வேடிக்கையான இடையூறும் உண்டு. அக்கால ஆய்வுக்கூடங்களில் எரிந்தது நிலக்கரி வாயு. அதிலேயே கந்தகம் உண்டு. உருக்கும் கலத்துக்கு அடியில் வாயு அடுப்பை வைத்தால், அடுப்பின் கந்தகமும் விடையில் வந்து சேர்ந்துகொள்ளும். ஆகவே கந்தகத்தை அளப்பவர்கள் சாராய விளக்கை நாட வேண்டியிருந்தது. சாம்பல் முறையில் கந்தகம் ஓடிப்போயிற்று; இங்கோ அழையாமல் வந்து நுழைந்தது. அளவையியலில் இவ்வளவு தொல்லை கொடுத்த தனிமங்கள் குறைவு என்பேன்.

நோய் என்று எண்ணிய பசி

பயிரின் தேவை தெரிந்த பிறகும், நிலத்தில் கந்தகப் பற்றாக்குறை உண்டு என்பதைப் பலர் நம்பவில்லை. ஒரேகான் மாநிலத்தின் ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரைமர், டார்ட்டார் ஆகிய இருவர் குதிரைமசால் வயல்களில் செய்த சோதனைகளை 1919இல் வெளியிட்டார்கள். கந்தகம் இட்ட இடங்களில் விளைச்சல் வியக்கத்தக்க அளவு உயர்ந்திருந்தது. இருப்பினும் அது ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் விசித்திரம் என்று ஒதுக்கப்பட்டது.

ஆப்பிரிக்காவில் நயசாலாந்து (இன்றைய மலாவி) தேயிலைத் தோட்டங்களில் வேறொரு காட்சி. புதிய கொழுந்துகள் மஞ்சளாகச் சிறுத்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. இலைகள் உதிர்ந்தன, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்தன, புதர்கள் மடிந்தன. 'தேயிலை மஞ்சள்' என்று இதற்குப் பெயரிட்டார்கள். இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஸ்டோரி. மக்காச்சோளத்தின் வைரஸ் நோயைப் பூச்சி பரப்புவதைக் கண்டறிந்து புகழ்பெற்றவர். வைரஸ் அறிஞர் ஒருவரின் கைக்கு வந்த நோய், வைரஸ் நோயாகவே முடிந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்டோரியும் அவருடைய கூட்டாளி லீச்சும் 1933இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் கண்ட முடிவு வேறு. இது தொற்று நோயன்று, கந்தகப் பசி. சல்பேட் உப்புகளை இட்ட புதர்கள் மீண்டும் பசுமை பெற்றன. தமக்குப் பழக்கமான விடையைத் தாமே தள்ளிவைக்க ஓர் ஆராய்ச்சியாளருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

மற்ற நாடுகளில் இந்தப் பசி ஏன் தெரியவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது சூப்பர் பாஸ்பேட். 1842இல் இங்கிலாந்தில் லாஸ் காப்புரிமை பெற்ற இந்த உரம், பாஸ்பேட்டின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றிச் செய்யப்படுவது. செய்முறையில் உண்டாகும் ஜிப்சம் உரத்திலேயே தங்கிவிடும். உரத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு கந்தகம். மணிச்சத்துக்கு என்று விலை கொடுத்து வாங்கிய உழவர் கந்தகத்தை இனாமாகப் பெற்றார். நம் ராணிப்பேட்டையில் 1906இல் தொடங்கிய சூப்பர் பாஸ்பேட் உற்பத்தியும் இந்த இனாமைத் தந்ததுதான். அம்மோனியம் சல்பேட் உரமும் அப்படியே. பயிர் செழித்தால் பெயர் முழுவதும் மணிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் போயிற்று.

இரண்டாவது காரணம் புகை. நிலக்கரி எரிக்கும் ஆலைகளும் வீடுகளும் வானில் விட்ட கந்தக டை ஆக்சைடு, மழையோடும் காற்றோடும் வயலில் இறங்கியது. ஐரோப்பாவின் தொழிற்பகுதிகளில் இது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோவுக்கும் மேல் போன இடங்கள் உண்டு. பெரும்பாலான பயிர்கள் அவ்வளவு கேட்பதில்லை. மினசோட்டாவில் மண்ணையும் மழையையும் ஆராய்ந்த ஆல்வே, 1940இல் கந்தகத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'வேளாண் ஆராய்ச்சியில் புறக்கணிக்கப்பட்ட ஊட்டத் தனிமம்' என்ற பொருள்படத் தலைப்பிட்டார். கசப்பான தலைப்பு, ஆனால் நியாயமானது.

எதை அளப்பது?

இனி மண்ணுக்கு வருவோம். பயிரை உருக்கி அளந்தது போல மண்ணையும் உருக்கி, அதிலுள்ள மொத்தக் கந்தகத்தையும் அளந்துவிடலாமே என்று தோன்றும். அளக்கலாம், உழவருக்குப் பயன்படாது. மேல்மண்ணின் கந்தகத்தில் பெரும்பாலான நிலங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மட்கிய பொருள்களோடு பிணைந்து கிடக்கிறது. பயிரின் வேர் உறிஞ்சுவது சல்பேட்டை மட்டுமே. பிணைந்த கந்தகத்தை நுண்ணுயிர்கள் சிறிது சிறிதாகச் சல்பேட்டாக்கித் தரவேண்டும். பெட்டகத்தில் நகை நிறைய இருந்தும் கையில் சில்லறை இல்லாதவர் நிலைமைதான் வேருக்கு. எனவே அளக்க வேண்டியது மொத்த இருப்பையன்று, 'கிடைக்கும் கந்தகத்தை'.

ஆனால் 'கிடைக்கும்' என்பதற்கு எல்லை எது? இங்கேதான் ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். வெறும் நீரால் மண்ணைக் கழுவினால் கரைந்து நிற்கும் சல்பேட் வரும். ஆனால் களிமண் துகள்கள் பிரிந்து கலங்கி, வடிதாளில் வடியாமல் தொல்லை தரும். கால்சியம் குளோரைடை மிகச் சிறிதளவு, அதாவது லிட்டருக்கு 1.5 கிராம், சேர்த்தால் களிமண் திரண்டு படிந்து தெளிந்த நீர் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் வில்லியம்ஸ், ஸ்டெய்ன்பெர்க்ஸ் ஆகியோர் 1959இல் பல வகைப் பிரிப்புக் கரைசல்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இந்த 0.15 விழுக்காட்டுக் கரைசல் உலகெங்கும் பரவியது. இந்திய ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இன்றும் இதுவே வழக்கு.

செம்மண், சரளை மண் போன்ற இரும்பும் அலுமினியமும் மிகுந்த நிலங்களில் இன்னொரு சிக்கல். அங்கே சல்பேட்டின் ஒரு பகுதி துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். குளோரைடு அதைத் தள்ளாது. பாஸ்பேட் தள்ளும், ஏனெனில் அதன் பிடி சல்பேட்டின் பிடியைவிட வலியது. அலபாமா மண்களில் என்ஸ்மிங்கர் 1954இல் இந்த ஒட்டுதலை விளக்கினார்; 1964இல் நெப்ராஸ்காவின் ஃபாக்ஸ், ஆல்சன், ரோட்ஸ் மூவரும் கால்சியம் பாஸ்பேட் கரைசலைப் பரிந்துரைத்தார்கள். ஒட்டியிருப்பதை வேர் எடுத்துக்கொள்ளுமா என்றால், மெதுவாக எடுத்துக்கொள்ளும். எனவே இரண்டு கரைசல்களும் தரும் இரண்டு எண்களுமே ஒரு வகையில் சரி. அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை.

பால் நிறக் கலங்கல்

கரைசலில் வந்த சல்பேட்டை எப்படி அளப்பது? பள்ளி மாணவரும் அறிந்த சோதனைதான். பேரியம் குளோரைடு சேர்த்தால் வெண்ணிறப் பேரியம் சல்பேட் உண்டாகும். வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துவிடலாம். ஆனால் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மண்ணில் 10 மில்லிகிராம் கிடைக்கும் கந்தகம் இருப்பதாகக் கொள்வோம். சோதனைக்கு எடுப்பது 10 கிராம் மண், 50 மில்லிலிட்டர் கரைசல். அதில் வருவது 0.1 மில்லிகிராம் கந்தகம். கிடைக்கும் பேரியம் சல்பேட் முக்கால் மில்லிகிராம்கூட இராது. வடிதாளில் படிந்த இதைத் தினமும் நூறு மாதிரிகளுக்கு நிறுத்துக்கொண்டிருக்க முடியுமா?

1950-51இல் நெப்ராஸ்காவின் செஸ்னின், யென் என்ற இருவர் நிறுப்பதை விட்டுவிட்டு, கலங்கலையே அளந்தார்கள். வெண்துகள்கள் கீழே படிவதற்கு முன், கரைசல் பால் போலக் கலங்கியிருக்கும்போது அதன் ஊடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி தடைபடுகிறது என்று ஒளிமானியில் பார்ப்பது. துகள்கள் உடனே படிந்துவிடாமல் தாங்கி நிற்க அவர்கள் சேர்த்த பொருள் வேல மரப் பிசின். பலகாரக் கடையிலும் மைக் கூட்டிலும் கண்ட பிசின், மண்ணாய்வுக்கூடத்தில் முக்கிய வேலைக்கு வந்துவிட்டது!

முறை எளிது, மலிவு. ஆனால் செய்பவர் கை பழக வேண்டும். பேரியம் குளோரைடுப் படிகங்கள் ஒரே பருமனாகச் சலிக்கப்பட வேண்டும். ஒரே வேகத்தில் ஒரே நேரம் குலுக்க வேண்டும். குறித்த நிமிடத்தில் அளவைப் படிக்க வேண்டும். இதில் எது பிசகினாலும் துகளின் பருமன் மாறும். பருமன் மாறினால் தடைபடும் ஒளியும் மாறும். மட்கு மிகுந்த மண்ணின் சாறு தேநீர் நிறத்தில் வரும். அந்த நிறமும் ஒளியைத் தடுக்கும். நிறத்தைப் போக்கக் கரித்தூள் சேர்த்தால், சில கரித்தூள்களிலேயே சல்பேட் இருக்கும். சில வடிதாள்களிலும் இருக்கும். ஆகவே மண்ணே இடாத வெற்றுச் சோதனை ஒன்றை ஒவ்வொரு நாளும் கூடவே செய்துபார்க்காத ஆய்வுக்கூடத்தின் எண்களை நான் நம்பத் தயங்குவேன்.

1952இல் ஜான்சன், நிஷிட்டா இருவரும் காட்டிய வழி நுட்பமானது. ஹைட்ரியோடிக் அமிலக் கலவையில் கொதிக்கவைத்தால் சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வெளிவரும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் அதே வாயு. நைட்ரஜன் ஓட்டத்தில் அதை ஏந்திச் சென்று மெத்திலீன் நீலம் என்ற சாயமாக மாற்றி, நீலத்தின் ஆழத்தை அளப்பது. மிகச் சிறிய அளவையும் பிடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே கண்ணாடிக் கருவியில் கொதிக்கவைக்க வேண்டும். மேலும் அந்த அமிலம், எஸ்டர் வடிவில் மட்கோடு இணைந்த சல்பேட்டையும் சேர்த்தே மாற்றிவிடும். பின்னாளில் வந்த பிளாஸ்மா நிறமாலைக் கருவிகள் ஒரு நிமிடத்தில் விடை தருகின்றன. அவையும் சாற்றில் இருக்கும் கந்தகம் முழுவதையும், அங்ககக் கந்தகம் உள்பட, ஒன்றாகவே எண்ணும். பழைய கலங்கல் முறையில் 10 என்று வந்த மண் புதிய கருவியில் அதைவிடக் கூடுதலாகக் காட்டக் கூடும். கருவியை மாற்றிவிட்டுப் பழைய எல்லைக்கோட்டை அப்படியே வைத்திருந்தால், பசித்த நிலத்துக்குப் பசியில்லை என்று சான்றிதழ் கொடுத்தவர்களாவோம்.

பத்து என்ற கோடு

அந்த எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்திலிருந்து அன்று, வயலிலிருந்து. பல வகை மண்களில் கந்தகம் இட்டும் இடாமலும் பயிர் செய்து, விளைச்சலின் வேறுபாட்டை மண்ணாய்வு எண்ணோடு வரைபடத்தில் பொருத்துவார்கள். எந்த எண்ணுக்குக் கீழே உரத்துக்குப் பயிர் மறுமொழி தருகிறதோ அதுவே கோடு. இதற்கு 1965இல் கேட், நெல்சன் ஆகியோர் வரைபடத்தை நான்கு கட்டங்களாகப் பிரிக்கும் எளிய வழியைத் தந்தார்கள். கால்சியம் குளோரைடு முறைக்கு இந்தியாவில் பெரிதும் வழங்கும் கோடு, கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராம். ஒரு ஹெக்டேர் உழவு மண்ணின் எடை ஏறக்குறைய 20 லட்சம் கிலோ. ஆகவே 10 மில்லிகிராம் என்றால் ஹெக்டேருக்கு 20 கிலோ கந்தகம். ஒரு டன் எண்ணெய் வித்து விளைய ஏறத்தாழ 12 கிலோ தேவை என்பதோடு ஒப்பிட்டால் இந்த இருப்பு எத்தனை மெல்லியது என்று விளங்கும். நாம் அளந்த 10 கிராமோ அந்த மண்ணில் 20 கோடியில் ஒரு பங்கு!

இந்தக் கோட்டைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளலாகாது. சல்பேட் நீரோடு நகரும் பொருள். ஒரு பெருமழை அதை மேல்மண்ணிலிருந்து கீழே இறக்கிவிடும். அடியில் களிமண் அடுக்கு இருந்தால் அங்கே தேங்கும். இளம் பயிர் மஞ்சளித்து நின்று, வேர் ஆழம் சென்றதும் தானே தேறிக்கொள்வதை உழவர்கள் கண்டிருப்பார்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மட்டும் மண்ணெடுத்தவருக்கு இது புதிராகவே இருக்கும். மாதிரியை ஈரம் போக உலர்த்துவதும்கூட மட்கிலிருந்து கொஞ்சம் சல்பேட்டை விடுவித்துவிடும். இவற்றை எல்லாம் மனத்தில் கொண்டே ஆஸ்திரேலியாவில் பிளேரும் அவர் குழுவினரும் 1991இல், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மணி நேரம் மண்ணை வைத்துப் பிரிக்கும் முறையைத் தந்தார்கள். விரைவில் விடுபடக்கூடிய அங்ககக் கந்தகத்தின் ஒரு பகுதியையும் அது கணக்கில் சேர்க்கிறது.

புகை விலகிய பின்

1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நச்சுப் பனிப்புகை ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. 1979இல் ஜெனீவாவிலும் 1985இல் ஹெல்சின்கியிலும் ஐரோப்பிய நாடுகள் கந்தகப் புகையைக் குறைக்க உடன்பாடு செய்துகொண்டன. 1970க்குப் பின் பிரிட்டனின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஏரிகளும் காடுகளும் நுரையீரல்களும் பிழைத்தன. ஆனால் 1980களில் வட ஜெர்மனியிலும் ஸ்காட்லாந்திலும் கடுகினப் பயிர் வயல்களில் இளம் இலைகள் வெளிறின, மஞ்சள் பூக்கள் வெண்மை பாய்ந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் நயசாலாந்தில் கண்ட பசி ஐரோப்பாவுக்கே வந்துவிட்டது. காசின்றி வானிலிருந்து இறங்கியதை இனிக் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. கந்தகம் குறைந்த கோதுமை மாவின் பசைத்தன்மை கெட்டு ரொட்டி சரியாக எழும்பாது. அதுமட்டுமன்று, அத்தகைய கோதுமையில் அஸ்பரஜின் மிகுந்து, சுடும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுதலாக உண்டாகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது.

நம் நாட்டில் இதே கதை வேறு வழியில் நடந்தது. இங்கே காற்று தூய்மையாகிவிடவில்லை, உரம் மாறியது. 1951இல் சிந்திரி ஆலை உற்பத்தி செய்யத் தொடங்கியது அம்மோனியம் சல்பேட்டை. பிறகு யூரியாவும் டைஅம்மோனியம் பாஸ்பேட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. மூட்டைக்கு மூட்டை சத்து அதிகம், வண்டிக் கூலி குறைவு. கந்தகம் மட்டும் இல்லை. அதே காலத்தில் புதிய ரகங்கள் விளைச்சலைப் பெருக்கி, மண்ணிலிருந்து மேலும் கந்தகத்தை எடுத்தன. லூதியானாப் பகுதி நிலக்கடலை நிலங்களில் கந்தகக் குறைவு இருப்பதைக் கன்வர் 1960களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டியிருந்தார். தமிழக உழவர்கள் நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது காய்க்குக் கால்சியம் தருவதற்காக என்று சொல்லப்படுவது சரியே. கூடவே கந்தகமும் போகிறது. மாயர் பாதிரியாரின் காலத்துக் கேள்வி, சுண்ணமா கந்தகமா என்பது, இங்கே இரண்டும்தான் என்று முடிகிறது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அளக்கப்படும் 12 பண்புகளுள் கந்தகமும் ஒன்று. அட்டை கையில் கிடைத்தவர்கள் கந்தக வரிசையில் உள்ள எண்ணோடு, மண் எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. மழைக்கு முன் எடுத்த எண் மழைக்குப் பின் அப்படியே இராது.

மண்ணின் எண் இப்படி நழுவுவதைக் கண்டு, ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டி மீண்டும் பயிரிடமே திரும்பினார்கள். இலையைச் சூடான நீரில் ஊறவைத்து, சாற்றிலுள்ள மாலேட், சல்பேட் இரண்டையும் ஒரே கருவியில் ஒரே ஓட்டத்தில் அளக்கிறார்கள். கந்தகப் பசி உள்ள இலையில் சல்பேட் இறங்கி மாலேட்டின் விகிதம் ஏறியிருக்கும். விகிதம் மட்டுமே தேவை என்பதால், இலையை எடை போடக்கூட வேண்டியதில்லை. எரிக்க வேண்டியதும் இல்லை.